தண்டவாளம் சேர்க்கப்படவில்லை

மாங்குளம் தபால் கந்தோரில்
மூன்று கையெழுத்து வைத்து எடுத்த பெட்டி.
சுங்கத்தார் ஒருமுறை பிரித்து
மனமில்லாமல் ஒட்டியிருந்தார்கள்.
பஞ்சை நீக்க நீக்க உள்ளே
ஒரு கோச்சி.

அயர்லாந்துக் கோச்சி. மூன்று பெட்டி.
பச்சையும் வெள்ளியும், மூக்கில் மட்டும் மஞ்சள்.
எழுபத்தாறில் ஒரு பங்கு என்று அட்டையில் போட்டிருந்தது.
பூக்காரி மாதிரி முழங்கையால் அளந்தேன்:
இரண்டு முழம்.

அமலதீபன் அனுப்பியது.
போர்ட்லீஷ் என்ற ஊரில், பணிமனையில்,
இராத்திரியில் இதைத்தான் கழுவுகிறானாம்.
"இதுமாதிரி இல்லை மச்சான், இதேதான்.
நம்பரைப் பார்."

பார்த்தேன்.
கூரையில் குளிரூட்டியின் விசிறித் தகடு,
கதவுப் பொத்தானைச் சுற்றி மயிரிழையில் ஒரு வளையம்,
கழிப்பறை யன்னலுக்கு மட்டும் பால்நிறக் கண்ணாடி.
இதைச் செய்தவன்
யாருக்குப் பயந்து இவ்வளவு நேர்மையாய் இருந்தானோ.

கதவோரம் எறும்பு வரிசையாய் எழுத்து.
கைபேசியில் பெரிதாக்கினேன். இரண்டு மொழி.
அவர்களுடையது மேலே, இங்கிலீஷ் கீழே.
"பெட்டிக்குள்ள ஒருத்தரும் அதைக் கதைக்கிறேல்லை" என்றான்.
"ஆனா மேலதான் எழுதுவினம்."
எங்கள் ஸ்டேஷன் பலகையை நினைத்துக்கொண்டேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

அட்டையின் அடியில் இன்னும் சின்னதாய்:
தண்டவாளம் சேர்க்கப்படவில்லை.
கேட்டதற்குச் சிரித்தான்.
"அது உன்னட்டைத்தானே கிடக்கு."

இப்போது கிடக்கிறது.
நாங்கள் நடை பழகி மீசை வைக்கும்வரை
கிடந்தது ஒரு மேடு, சூரை முள், ஆவரசு.
தண்டவாளம் என்றால் எங்களுக்குப் பங்கர் கூரை.
அதன் கீழ்க் குந்தியிருந்து
அவன் எட்டாம் வாய்பாடு சொன்னான், நான் ஒன்பதாம்.
தலைக்கு மேலே இருக்கிற இரும்பில்
முந்தி ஏதோ ஓடினது என்று ஆரோ சொல்ல
எங்களுக்குச் சிரிப்பு வந்தது.
முதல் கோச்சியை அவன் கண்டது டப்ளினில்.
நான் கண்டது இங்கே, முப்பது வயதில்,
எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்று தெரியாமல்.

இன்றைக்கு அதுதான் வேலை.
பனிக்கன்குளம் கடவை: ஒரு தடி, ஒரு கயிறு,
இரண்டு கொடி, தகரக் கொட்டில்.
நாட்கூலி. மாதம் முடிந்து மூன்று கிழமை கழித்து வரும்.
எழுபத்தாறால் பிரித்தவன்
அதையும் பிரித்திருக்கவேண்டும்.

ஞாயிறு பின்னேரம் கொண்டுபோனேன்.
ஒற்றைத் தண்டவாளத்தின் முதுகிலேயே
அதன் இரண்டு பக்கச் சக்கரமும் அடங்கிவிட்டன,
கொஞ்சம் இடம் மிச்சமும் இருந்தது.
சுடுகிற இரும்பில்
அயர்லாந்து நின்றது.

மாடு சாய்த்து வந்த கிருபைநாதன் குந்தியிருந்து பார்த்தார்.
"உள்ளுக்குள்ள ஆக்கள் இல்லையோ?"
ஆக்களுக்குத் தனிக் காசு என்றேன்.

அப்போது கடைசிப் பெட்டி நடுங்கியது.
காற்றில்லை.
பிறகு நடுப்பெட்டி.
கொக்காவில் பக்கம் ஹோர்ன் இல்லை, ஒரு சத்தமும் இல்லை,
ஆனால் உள்ளே அந்தச் சின்னக் கதிரைகளெல்லாம் ஒன்றாய்
குளிரில் பல்லுக் கிட்டுவதுபோல.
மூன்று வருடமாய் நான் காது வைத்துக் கேட்ட இரும்பு
இன்றைக்குத்தான் கண்ணுக்குக் காட்டியது.

அள்ளி மடியில் கட்டினேன். தடியை இறக்கினேன்.
இரண்டு மாடு அந்தப் பக்கம் போய்விட்டன,
பதினொன்று இந்தப் பக்கம்.
யாழ்ப்பாணக் கோச்சி
சாரத்தைப் பறிக்கிற காற்றோடு போனது.
ஒவ்வொரு யன்னலிலும் ஆள். மிதிபலகையிலும் ஆள்.
ஒரு பெடியன் எனக்குக் கை காட்டினான்,
அல்லது மாட்டுக்கு.

விடியப்புறம் மூன்று மணிக்கு அமலதீபன் எடுத்தான்,
வேலைக்கு ஏற முதல்.
எல்லாம் இருக்கு, ஆக்கள் இல்லாததுதான் குறை என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை. வாளி வைக்கிற சத்தம்.
"நான் ஏறுற நேரம்
அது அப்பிடித்தான் மச்சான் இருக்கும்.
அளவு சரி."